7.50 ஆர் 16: டியூப் போடுறதா, டியூப்லெஸ்க்கு மாறுறதா? தோட்டத்து ரோடும் மீமுரே பாதையும்

கார்ட்ரோடு_110 (ஹட்டன்)

வணக்கம். வண்டி லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, பழைய ஸ்டீல் ரிம். ஓடுறது 7.50 ஆர் 16 டியூப் டயர் (7.50 அங்குல அகலம், 16 அங்குல ரிம், ஆர்னா ரேடியல்). ஸ்பெயாரோட சேத்து அஞ்சுமே தேஞ்சு முடிஞ்சிருச்சு. மே மாசம் மழை இறங்குறதுக்கு முந்தி மாத்தணும்.

ஓட்டம் இப்படி: கிழமைக்கு நாலு நாள் நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்து ரோடு. வெள்ளைக்காரன் காலத்துல கல்லு பதிச்சது. பாதி இடத்துல கல்லு பேந்து கூரு மேல பாத்து நிக்குது. மாசம் ஒருதரம் ஆள் ஏத்திக்கிட்டு ஹுன்னஸ்கிரியவுல திரும்பி நக்கிள்ஸ் மலைக்குள்ள இருக்கிற மீமுரே கிராமம். மிச்சமெல்லாம் தார் ரோடு. பின்னுக்கு அஞ்சாறு பேர், இல்லாட்டி 400 கிலோ சாமான்.

ஒரு கடையில "டியூப்லெஸ் போடு, பஞ்சர் தொல்லையே இல்ல"ங்கிறாங்க. இன்னொரு கடையில "மலைக்கு டியூப்தான், எந்த மூலையிலயும் ஒட்டலாம்"ங்கிறாங்க. ஏன்னு ரெண்டு பேருமே சொல்லல. எனக்குத் தெரிய வேண்டியது மூணு. இதே ரிம்முல டியூப்லெஸ் ஓடுமா? டியூப் டயர்ல காத்தை எவ்வளவுக்கு இறக்கலாம்? எதைப் போட்டாலும் வண்டியில என்னென்ன வெச்சிருக்கணும்?


ஊவா_நாலுசக்கரம் (பண்டாரவளை)

தம்பி, டயரை விடுங்க, முதல்ல ரிம்மைப் பாருங்க. உங்க கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு.

டியூப்லெஸ் டயரோட ஓரத்துல கம்பி வளையம் இருக்கே, பீட்னு சொல்றது, அது ரிம்மோட ஒட்டி உக்காந்துதான் காத்தைப் பிடிக்குது. உக்காந்த பீட் உள்பக்கமா சறுக்கி ரிம்மோட நடுப்பள்ளத்துல விழாம இருக்கணும்னா, பீட் உக்கார்ற இடத்துக்கு உள்ள ஒரு சின்ன மேடு வேணும். அதைத்தான் ஹம்ப்ங்கிறாங்க. ரிம்முல அடிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்க. அளவுக்குப் பின்னால எச் இருந்தா வெளிப்பக்கம் மேடு இருக்கு, எச்2ன்னா ரெண்டு பக்கமும் இருக்கு. பழைய லேண்ட் ரோவர் ஸ்டீல் ரிம்முல பெரும்பாலும் 5.50 எஃப் 16ன்னு இருக்கும், எச் இருக்காது. அது டியூபுக்காகச் செஞ்ச ரிம். எழுத்து துரு புடிச்சுத் தெரியலைன்னா, டயரைக் கழட்டி விரலால பீட் உக்கார்ற இடத்தைத் தடவுங்க. விளிம்புலருந்து பள்ளம் வரைக்கும் விரல் தடங்கலே இல்லாம வழுக்கிப் போச்சுன்னா ஹம்ப் இல்ல.

ஹம்ப் இல்லாத ரிம்முல டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாம ஏத்தினா தார் ரோட்டுல முழுக் காத்தோட ஓடத்தான் செய்யும். அதைப் பாத்துத்தான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. காத்தை 20 பிஎஸ்ஐக்கு (காத்தழுத்த அளவு) இறக்கி, பாரத்தோட கொண்டை ஊசி வளைவுல இறங்கும்போது வெளிப்பக்கத்து முன் சக்கரம் பக்கவாட்டுல தள்ளப்படும். பீட் பள்ளத்துல விழும். மொத்தக் காத்தும் ஒரே மூச்சுல போயிரும். அந்த நேரம் பக்கத்துல பள்ளம் இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

இன்னொன்னும் பாக்கணும். ரொம்பப் பழைய ரிம்முல நடுத்தட்டை வளையத்தோட ரிவெட் அடிச்சுப் பொருத்தியிருப்பாங்க. அந்த ரிவெட் வழியா காத்து கசியும். டியூப் உள்ள இருக்கிற வரைக்கும் அது ஒரு குறையே இல்ல, டியூபை எடுத்ததும் குறையாயிரும்.

டயரோட பக்கச்சுவரையும் படிங்க. டியூப் டைப்னு எழுதியிருந்தா டியூப் இல்லாம ஓடவே கூடாது. டியூப்லெஸ் டயருக்குள்ள காத்தை விடாத ஒரு றப்பர் படலம் ஒட்டியிருக்கு, டியூப் டைப் டயர்ல அது கிடையாது. காத்து நூல் அடுக்குக்குள்ள புகுந்து கொப்புளம் போடும், அப்புறம் அடுக்குப் பிரியும்.

உங்க ஓட்டத்துக்கு என் முடிவு: ஹம்ப் உள்ள ரிம்மும் டியூப்லெஸ்ஸும். காரணம் பஞ்சர் மட்டும் இல்ல. கல்லு ரோட்டுல காத்தை இறக்கினாதான் டயர் கல்லைச் சுத்தி மடிஞ்சு போகும், வெட்டு விழாது. டியூப் போட்டா அந்த அளவுக்கு இறக்க முடியாது. கல்லு டயரை ரிம் விளிம்போட வெச்சு நசுக்கும்போது நடுவுல டியூப் மாட்டிக்கும். பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை. டியூபைக் கழட்டினதும் இந்த ரெட்டை ஓட்டையைப் பாத்தீங்கன்னா ஆணியைத் தேடாதீங்க, காத்து குறைவா இருந்திருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது காரணம், காத்து போற விதம். டியூப்லெஸ்ல ஆணி ஏறினா ஆணியே அடைச்சுக்கிட்டு நிக்கும், காத்து மெதுவாத்தான் இறங்கும். டியூப்ல ஓட்டை விழுந்தா காத்து டியூபுக்கும் டயருக்கும் நடுவுல பரவி, வால்வு ஓட்டை வழியாவும் ரிம் விளிம்பு வழியாவும் சடக்குனு வெளியேறிரும். சம நிலத்துல இது ஓரங்கட்டி நிறுத்துற தொல்லையோட போயிரும். இறம்பொடை இறக்கத்துல அப்படி முடியாது.

மூணாவது, மழையில அட்டை ஏற ஏற நின்னு டயரைக் கழட்டி டியூபை உருவுறதுக்கும், சக்கரத்தைக் கழட்டாமலே பத்து நிமிஷத்துல ஓட்டையில பிளக் (பசை றப்பர் திரி) குத்திட்டுப் போறதுக்கும் உள்ள வித்தியாசம்.

ரிம் மாத்த இப்ப கையில காசு இல்லைன்னா டியூபோடயே இருங்க, ஆனா அதை ஒழுங்கா போடுங்க. பழைய ரிம்முல டியூப்லெஸ்ங்கிற நடுவழி மட்டும் வேணாம்.

அளவு: 235/85 ஆர் 16 போட்டா விட்டம் 806 மிமீ வரும், 7.50க்கு ரொம்பக் கிட்ட. ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனா அந்த டயருக்கு 6 முதல் 7 அங்குல ரிம் வேணும், 5.5ல திணிக்காதீங்க. பிந்தி வந்த டிஃபெண்டரோட 7 அங்குல அலாய் ரிம்மைத் தேடலாம். அலாய் போட்டா நட்டும் மாத்தணும், ஸ்டீல் ரிம் நட்டும் அலாய் நட்டும் வேற வேற. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுப் பாருங்க, டயர் உள்ள இருக்கிற ஆர்ம்ல உரசினா ஸ்டீயரிங் ஒடியிற அளவை நிறுத்துற லொக் ஸ்டொப் போல்டைக் கொஞ்சம் வெளிய எடுத்து வையுங்க.


வல்கனைஸ்_மேடை (தலவாக்கலை)

ஊவா அண்ணே சொன்ன ரிம் கணக்கு முழுக்கச் சரி. நான் டியூப் பக்கத்தைச் சொல்றேன், ஏன்னா டியூப் கெட்டுப் போறதுல நிறைய, போட்ட கையால கெட்டுப் போறது.

டயரைக் கழட்டினதும் உள்ள கையை விடுங்க, வெறுங்கையா வேணாம், துணி சுத்தி. துணி மாட்டுற இடத்துல கம்பியோ முள்ளோ இருக்கு. கடையில ஒட்டின காகிதத்து லேபல் உள்ள இருந்தாலும் சுரண்டி எடுங்க, அதோட ஓரமே டியூபை அரைச்சிரும். மழைக்காலம் ஓடின டயருக்குள்ள டியூபைச் சுத்தி ஈரமான கறுப்புத் தூள் படிஞ்சிருக்கும். விரலால தேய்ச்சா மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். சேறும் றப்பரும் சேந்த தூள் அது. ஆத்துல இறங்கும்போது ரிம் விளிம்பு வழியாவும் வால்வு ஓட்டை வழியாவும் உள்ள போகுது. மீமுரேயில ஹீன் கங்கைத் தண்ணியில இறங்கி ஏறுற வண்டின்னா வருஷத்துக்கு ஒருதரமாவது டயரைக் கழட்டிக் கழுவிக் காய வெச்சுப் போடணும்.

போடுற முறை:

டயருக்குள்ளயும் டியூப் மேலயும் டல்க் பவுடர் தடவுங்க. உள்ளங்கையளவு போதும், குவிச்சுக் கொட்டினா ஈரம் பட்டுக் கட்டியாகி அதுவே உரசும். டியூப்ல கொஞ்சூண்டு காத்து விடுங்க, மடிப்பு நிமிர்ற அளவுக்கு மட்டும். டயருக்குள்ள வெச்சு வால்வை ரிம் ஓட்டையில இழுத்து விடுங்க. ரெண்டாவது பீட்டை ஏத்தும்போது வால்வுக்கு எதிர்ப் பக்கத்துல தொடங்கி வால்வுகிட்ட வந்து முடிங்க. முடிக்கிறதுக்கு முந்தி வால்வை ஒருதரம் உள்ள தள்ளி விடுங்க, பீட்டுக்கு அடியில டியூப் மாட்டாம இருக்கும். பீட் உக்கார்ற வரைக்கும் காத்தடிச்சு, வால்வு ஊசியைக் கழட்டி முழுக் காத்தையும் விட்டுட்டு, திரும்ப அடிங்க. இந்த ரெண்டாவது அடிப்பு இல்லாம விட்டா உள்ள டியூப் ஒரு இடத்துல இழுபட்டும் ஒரு இடத்துல மடிஞ்சும் நிக்கும். மடிஞ்ச இடம் ஒரு மாசத்துல வெடிக்கும். அவசரத்துல நிறைய பேர் விடுறது இதைத்தான்.

பீட்டுக்குச் சவுக்காரத் தண்ணி மட்டும். கிரீஸ், டீசல், பழைய எண்ணெய் எதுவும் வேணாம், றப்பர் ஊதிப் போகும், டயரும் ரிம்முல வழுக்கும்.

டியூப் அளவு டயரோட அளவாத்தான் இருக்கணும், ரேடியல் டயருக்கு ரேடியலுக்குன்னு எழுதின டியூப். பெருசுன்னா மடியும், சின்னதுன்னா இழுபட்டு மெலியும். புது டயருக்குப் பழைய டியூபைப் போடாதீங்க, அது ஏற்கனவே விரிஞ்சு போயிருக்கும்.

வால்வு ஓட்டையையும் அளந்து பாருங்க. 11.3 மிமீன்னா டிஆர்13 வால்வு டியூப், 16 மிமீன்னா டிஆர்15. பெரிய ஓட்டையில சின்ன வால்வு போட்டா அது ஆடி ஆடி அடியில கிழியும். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது, டியூபையே எறியணும். ரிம் மாத்தி டியூப்லெஸ் போனாலும் இதே கணக்குதான்: 11.3க்கு டிஆர்413 வால்வு, 16க்கு டிஆர்415.

பியூட்டைல்ங்கிற செயற்கை றப்பர் டியூப் காத்தை நாளாப் பிடிச்சு வெச்சிருக்கும். இயற்கை றப்பர் டியூப்ல காத்து சீக்கிரம் இறங்கும், ஆனா கிழிசல் பரவாது, ரோட்டோரத்துல சொலுஷன் போட்டு ஒட்டினாலும் நல்லாப் பிடிக்கும். தோட்டத்து ரோட்டுக்கு ரெண்டாவதுதான் கை கொடுக்கும், கிழமைக்கு ஒருதரம் காத்துப் பாக்கிற பழக்கம் இருந்தா.

வால்வுல வர்ற நட்டை ரிம்மோட இறுக்காதீங்க. மேல ஏத்தி மூடிகிட்ட வையுங்க. காத்து குறைஞ்ச நேரம் டயர் ரிம்முல நகரும், டியூபும் கூட நகரும். நட்டு தளர்வா இருந்தா வால்வு சாஞ்சு நிக்கும், பாத்ததும் தெரியும். இறுக்கியிருந்தா சாயாது, அடியோட அறுந்துதான் தெரியும். காலையில வண்டி எடுக்கிறதுக்கு முந்தி நாலு வால்வையும் ஒரு பார்வை பாருங்க, நேரா நிக்கலைன்னா டயரைக் கழட்டி டியூபை நேராக்கிட்டுத்தான் ஓட்டணும்.


பழையஜீப்_600 (இராகலை)

எல்லாரும் டியூபை ஒதுக்கிற மாதிரி இருக்கு. ஒரு விஷயம் சொல்லணும். 6.00-16 குறுக்குநூல் டயர் (உள்நூல் அடுக்கு ஒன்னுக்கொன்னு குறுக்கா போற பழைய வகை) போட்ட வில்லிஸ் மாதிரி வண்டிகளுக்கு வேற வழி கிடையாது, தேவையும் கிடையாது. குறுக்குநூல் டயரோட பக்கச்சுவர் தடிப்பு. கான் (வடிகால்) ஓரத்துக் கல்லு உரசினாலும் சீக்கிரம் வெட்டு விழாது. மரக்கறி மூட்டை ஏத்தி 15, 20 கிலோமீட்டர் வேகத்துல ஓடுற வண்டிக்கு அது போதும்.

ரிம் கதையும் இருக்கு. கல்லுல இடிச்சு விளிம்பு வளைஞ்ச ஸ்டீல் ரிம்மைச் சுத்தியலால தட்டி நிமித்தி டியூபோட அன்னைக்கே ஓடலாம். டியூப்லெஸ்னா அந்த வளைவு வழியா ராவோட ராவா காத்து இறங்கிரும். அலாய்னா வெடிச்சே போகும், தட்டவும் முடியாது. வலப்பனைக்கு அங்கால உள்ளூருல பிளக் குத்தத் தெரிஞ்ச கடையைத் தேடணும், டியூப் ஒட்டுற கடை எந்தச் சந்தியிலயும் இருக்கும்.

சேத்துக்குப் பெரிய பல்லு உள்ள லக் டயரை மிஞ்ச ஒன்னும் இல்லைங்கிறதும் என் எண்ணம்.


ஊவா_நாலுசக்கரம் (பண்டாரவளை)

ஜீப்பைப் பத்திச் சொன்னது சரி. அந்த எடைக்கும் அந்த வேகத்துக்கும் குறுக்குநூலும் டியூபும் பொருத்தம்தான். வளைஞ்ச விளிம்பு விஷயமும் உண்மை, அதனாலதான் டியூப்லெஸ் வண்டியிலயும் ஒரு டியூபை ஸ்பெயாரா வெச்சிருக்கச் சொல்றது. ரிம் வளைஞ்சாலும் பக்கச்சுவர் வெட்டுப்பட்டாலும் பிளக் உதவாது. டியூப்லெஸ் வால்வை உருவி எறிஞ்சிட்டு உள்ள டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். வெட்டுக்கு உள்பக்கமா பழைய டயர்ல அறுத்த ஒரு பட்டை வைக்கணும், பட்டையோட ஓரத்தைச் சீவி மெலிசாக்கணும், இல்லைன்னா அந்த ஓரமே டியூபைத் தின்னும். வந்த பிறகு அந்த டயர் அவ்வளவுதான், முன்பக்கத்துக்கு இனி வேணாம்.

லக் டயர்ல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 110 மாதிரிக் கனத்த வண்டியில முழுக் காத்தோட லக் டயரைச் சேத்துல சுத்த விட்டா அது ரோட்டைத் தோண்டுது. சிவப்பு மண்ணு மேல கல்லு பதிச்ச ரோடு, ஒரு கல்லு பேந்தா பக்கத்துக் கல்லும் பேரும். கான் கடக்கிற இடம் உடைஞ்சா கொழுந்து லொறி மேல வராது. ராத்திரி வலி வந்த பொண்ணை மேட்டு லயத்துலருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிறதும் அதே ரோட்டுலதான். நம்ம வண்டி ஏறினாப் போதும்னு அதை அரைச்சிட்டுப் போக நமக்கு உரிமை இல்ல. தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ/டி டயரைக் காத்து இறக்கி மெதுவா உருட்டினா அதே சேத்துல ஏறலாம், தடமும் மேலோட்டமாத்தான் விழும். சக்கரம் ஒரு சுத்துக்கு மேல வெறுமன சுத்தினா காலை எடுங்க, பின்னால வந்து வேற தடம் பிடிங்க.

கார்ட்ரோடு தம்பிக்கு: அந்த அஞ்சையும் ஒரே விதமா வாங்குங்க. ஒரே அச்சுல ரேடியலையும் குறுக்குநூலையும் கலக்கக் கூடாது. லோட் இன்டெக்ஸ் பாருங்க: 116ன்னா ஒரு டயர் 1250 கிலோ தாங்கும், 120ன்னா 1400. கார் டயரை அளவு பொருந்துதுன்னு இந்த வண்டிக்கு வாங்க வேணாம்.


நக்கிள்ஸ்பாதை (கண்டி)

காற்றழுத்தம் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி.

டிஃபெண்டர் 110க்குத் தயாரிப்பாளர் தந்த தார் ரோட்டு அளவு முன்னுக்கு 28, பின்னுக்கு 48 பிஎஸ்ஐ. பின்னுக்கு 48 என்பது முழுப் பாரத்துக்கானது. அதே 48ஓடு வெறும் வண்டியைக் கல்லு ரோட்டில் விட்டால் பின்பக்கம் துள்ளும், கல்லின் கூர் நேராகக் குத்தும்.

டியூப், ஹம்ப் இல்லாத ரிம், நீங்கள் சொன்ன பாரம்: கல்லு ரோட்டில் முன்னுக்கு 22, பின்னுக்கு 28. இதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நகரும், மேலே சொன்ன வால்வு அறுதல் தொடங்கும். வெறும் வண்டியாக இருந்தாலும் 20க்குக் கீழே இறக்க வேண்டாம்.

டியூப்லெஸ், ஹம்ப் உள்ள ரிம்: கல்லில் முன்னுக்கு 18, பின்னுக்குப் பாரத்தோடு 24. பாரம் இல்லாமல் சேற்றில் மாட்டினால் நாலுக்கும் 16 வரை இறக்கி வெளியே வரலாம். வெளியே வந்ததும் ஏற்றிவிட வேண்டும். இறக்கிய காற்றோடு மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும், அந்தச் சூடு நூல் அடுக்கைப் பிரிக்கும். தார் ரோடு தொட்ட இடத்திலேயே கம்பிரஷரை எடுங்கள். ஹுன்னஸ்கிரிய வந்து அடிக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கம்பிரஷர் வாங்கும்போது ஒரு கணக்கு. உங்கள் டயருக்குள் ஏறக்குறைய 45, 50 லீட்டர் இடம் இருக்கிறது. 18இலிருந்து 35க்கு ஏற்ற டயர் ஒன்றுக்கு 55 லீட்டர் அளவில் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லீட்டர் என்று எழுதிய சின்னக் கம்பிரஷர் அழுத்தத்துக்கு எதிராக அதில் பாதியைத் தந்தாலே அதிகம். அதாவது ஒரு டயருக்கு மூன்று, நாலு நிமிடம். நாலு டயர் முடியும் முன்னரே அது கொதிக்கும், இடையில் ஆற விட வேண்டும். 70 லீட்டர் வகை என்றால் நேரம் பாதியாகும். அதை சிகரெட் லைட்டர் துளையில் செருகாதீர்கள், ஃபியூஸ் போகும். பெட்டரியில் நேராகக் கவ்வி, எஞ்சினை ஓட விட்டு அடியுங்கள்.

மலை ஏறும்போது காற்று கூடுமா என்று பலர் கேட்பதுண்டு. கொழும்பில் 30 அடித்துவிட்டு 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கு வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைந்திருக்கும், அதனால் காற்று மீற்றரில் 3 கூடிக் காட்டும். ஆனால் 30 பாகையிலிருந்து 15 பாகைக்குக் குளிர்ந்த டயரில் 2 பிஎஸ்ஐ குறையும். ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட ஈடு செய்துவிடும். ஆகவே உயரத்துக்காகக் காற்றைத் திறந்துவிட வேண்டியதில்லை. ஏறி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டும்போதும் திறக்காதீர்கள். மறுநாள் காலை குளிரில் அளந்தால் குறைந்து நிற்கும்.

டியூப்லெஸ் பீட் காட்டில் கழன்றால்: சக்கரத்தை ஜெக்கில் தூக்கிப் பாரத்தை எடுங்கள். ரிம்முக்கும் பீட்டுக்கும் இடையில் உள்ள சேற்றைத் தண்ணீர் ஊற்றித் துணியால் முழுதாகத் துடையுங்கள், ஒரு புல் ஒட்டியிருந்தாலும் காற்றுப் பிடிக்காது. சவுக்காரத் தண்ணீர் பூசுங்கள். டயரின் மேற்பரப்பைச் சுற்றி நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு கட்டையைச் செருகி முறுக்குங்கள். நடு அமுங்க, இரண்டு பீட்டும் வெளியே ரிம்மை நோக்கி விரியும். வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு அடியுங்கள், துளை பெரிதாகிக் காற்று வேகமாகப் போகும். பீட் ரிம்மைப் பிடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தொடருங்கள். டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. 40 பிஎஸ்ஐ வந்தும் உட்காரவில்லை என்றால் அடிப்பதை நிறுத்திக் காற்றை விட்டுவிட்டு மறுபடி சவுக்காரம் பூசுங்கள். 40ஐத் தாண்டி அடித்தால் பீட் கம்பி அறுந்து டயர் முகத்தில் வெடிக்கலாம். பெற்றோல் தெளித்து நெருப்பு வைத்து ஏற்றுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யவே வேண்டாம்.


கார்ட்ரோடு_110 (ஹட்டன்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரிம்மைக் கழட்டிப் பாத்தேன். 5.50 எஃப் 16ன்னு தெளிவா இருக்கு, எச் இல்ல, விரல் வழுக்கிட்டுப் போகுது. வால்வு ஓட்டை 16 மிமீ. ஒரு ரிம்முல விளிம்பு வளைவு. அப்ப பழைய ரிம்முல டியூப்லெஸ்ங்கிற பேச்சு முடிஞ்சது.

எச்2 அடிச்ச 6.5 அங்குல ஸ்டீல் ரிம் அஞ்சு, பாவிச்சது, பாத்து வெச்சிருக்கேன். ரெண்டு சந்தேகம் மட்டும். பாவிச்ச ரிம்மை எப்படிச் சோதிக்கிறது? டயருக்குள்ள ஊத்துற அந்த பஞ்சர் திரவம் நல்லதா?


வல்கனைஸ்_மேடை (தலவாக்கலை)

திரவம் சின்ன முள்ளு ஓட்டையை அடைக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா வெட்டை அடைக்காது, வால்வு ஊசியில ஒட்டிக்கிட்டுக் காத்து அளக்க விடாது, பிறகு பிளக்கோ பெட்சோ ஒட்டணும்னா உள்பக்கம் முழுக்கக் கழுவணும். உங்க ரோட்டுல பிரச்சினை முள்ளு இல்ல, கல்லு. காசைப் பிளக் செட்டுக்குப் போடுங்க.

பிளக் குத்துறது டயர் தரையில படுற பகுதியில மட்டும், ஓட்டை 6 மிமீக்கு உள்ள. ஆணியை முதல்ல புடுங்காதீங்க. பிளக்ல சொலுஷன் தடவி ஊசியில கோத்துத் தயாரா வெச்சுட்டு, அப்புறம் புடுங்கி, அரத்தை ஆணி போன சாய்வுலயே விட்டு நாலஞ்சு தரம் உருவி, பிளக்கை ஏத்துங்க. வால் ரெண்டும் 1 செமீ வெளிய நிக்கணும், ஊசியைச் சடக்குனு இழுத்துட்டு மிச்சத்தை 3 மிமீக்கு வெட்டுங்க. எச்சிலோ சவுக்காரத் தண்ணியோ போட்டுப் பாருங்க, குமிழி வரக் கூடாது. ஊருக்கு வந்ததும் டயரைக் கழட்டி உள்பக்கத்துலருந்து குடை மாதிரி இருக்கிற பெட்சைப் போட்டுக்குங்க, பிளக் தற்காலிகம்தான்.

ரிம்மைப் பத்தி: ஹப்ல மாட்டி, ஜெக்ல தூக்கிச் சுத்துங்க. விளிம்புகிட்ட ஒரு குச்சியை அசையாம பிடிச்சா ஆட்டம் தெரியும், 2 மிமீக்கு மேல ஆடினா வாங்காதீங்க. பீட் உக்கார்ற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால உலோகம் தெரியத் தேய்ங்க. துரு குழிகுழியா தின்னிருந்தா வேற ரிம் பாருங்க. மேலோட்டமான துருன்னா தேய்ச்சு பிரைமர் மெல்லிசா ஒரு கோட்டு. தடிப்பா பெயின்ட் அடிச்சா அது உரிஞ்சு உரிஞ்சு காத்து கசியும். டயர் ஏத்தினதும் 35 அடிச்சு, சக்கரத்தைத் தண்ணித் தொட்டியில முழுக்க அமுக்கி ரெண்டு நிமிஷம் பாருங்க. விளிம்பு, வால்வு அடி, நடுத்தட்டு பத்தவைச்ச இடம் மூணையும் பாருங்க.

எங்கயாவது வெல்டிங் தேவைன்னா டயரை முழுசாக் கழட்டிட்டுத்தான் வெல்டிங் பண்ற பாஸ்கிட்ட குடுக்கணும். காத்து விட்டாச்சு, பரவாயில்லன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. டயர் மாட்டின ரிம்மைச் சுட்டா உள்ள றப்பர்லருந்து வர்ற வாயு வெடிச்சு ஆளைக் கொல்லும்.


ஊவா_நாலுசக்கரம் (பண்டாரவளை)

உங்க மூணாவது கேள்விக்கு, வண்டியில வைக்க வேண்டியது: டயர் அளவுக்கான டியூப் ஒன்னு, புது ரிம் ஓட்டைக்குப் பொருந்துற வால்வோட, பவுடர் போட்டுத் துணிப் பையில கட்டினது. சும்மா போட்டா ஜெக்குக்குப் பக்கத்துல ஆடி ஆடியே ஓட்டையாயிரும். டயர் லிவர் ரெண்டு, பிளக் செட், வால்வு ஊசி நாலு, ஊசி கழட்டுற சாவி, காத்து மீற்றர், கம்பிரஷர், எட்டு மீற்றர் கயிறு, ஒரு போத்தல் சவுக்காரத் தண்ணி. ஜெக்குக்கு அடியில வைக்க ஒன்னரை அடிப் பலகை ஒன்னு கட்டாயம், மழை பேஞ்ச மண்ணுல ஜெக் தான் உள்ள இறங்குமே தவிர வண்டியைத் தூக்காது.

ரிம் மாத்தினதும் 50 கிலோமீட்டர் ஓடிட்டு எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்க. புது பெயின்ட் நசுங்கித் தளர்ந்திருக்கும்.